வேன் நகர்ந்தால் போதும்

வெள்ளை வேன். நீளமானது. பின்பக்கம் ஜன்னல் கிடையாது, பக்கவாட்டில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. ஜூன் மாதத்துச் சனிக்கிழமை, காலை ஐந்தரை மணி. ஊர் தூங்குகிறது. நான் மட்டும் காப்பி குடிக்காமல், தோளில் ட்ரைபாடும் கழுத்தில் கேமராவுமாக ஒரு சந்தின் முனையில் நிற்கிறேன். எதிரே பதினாறாம் நூற்றாண்டு மரவீடு ஒன்று. முதல் வெயில் அதன் மேல்மாடிச் சட்டங்களில் மஞ்சள் பூசினாற்போல் இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு அந்த வேன்.

முந்தின நாள் சாயங்காலம் இதே இடத்தில் அரை மணி நேரம் நின்று நோட்டம் பார்த்தேன். இடம் காலி. வெயில் எந்தப் பக்கம் எழும், எத்தனை மணிக்கு மேல்மாடியைத் தொடும் என்றெல்லாம் செல்போனில் கணக்குப் போட்டு, அதற்காகவே ஊரில் அறை எடுத்துத் தங்கி, நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து வந்தவன் நான். வேன்காரர் ராத்திரி எத்தனை மணிக்கோ வந்து, நிறுத்திவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார். முப்பது வருஷப் போரைப் பார்த்த வீடு, நெப்போலியன் காலத்தைத் தாண்டிய வீடு, ஒரு வேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்கிறது. யாரிடம் போய் அழ?

ஊரின் பெயர் க்வேட்லின்புர்க். ஜெர்மனியின் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில், ஹார்ட்ஸ் மலையின் வடக்கு அடிவாரத்தில், போடே என்ற சின்ன ஆற்றின் கரையில் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் மாக்டபுர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஜனத்தொகை 25,000-ஐத் தொடாது. ஆனால் மரச்சட்டம் போட்டுக் கட்டிய பழைய வீடுகள் 2,000-க்கும் மேல். பன்னிரண்டு பேருக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொண்டால்கூட எல்லோரும் பழைய வீட்டிலேயே குடியிருந்துவிடலாம். முதலாம் ஹைன்ரிக் என்ற அரசனை 936-இல் இங்கே குன்றின் மேல் அடக்கம் செய்தார்கள். அவன் மனைவி மட்டில்டே அதே ஆண்டில் அங்கே பெண்களுக்கான மடம் ஒன்றை நிறுவினாள். 800 வருஷத்துக்கு மேல் அந்த மடத்துத் தலைவிகள்தான் ஊரை ஆட்டிவைத்தார்கள். 994-இல் சந்தை நடத்தும் உரிமை கிடைத்தது. சரியாக ஆயிரம் வருஷம் கழித்து, 1994-இல், யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவு வீடுகள் எப்படித் தப்பின என்று கேட்டால் பதில் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். கிழக்கு ஜெர்மனி அரசாங்கம் பழைய தெருக்களை இடித்துவிட்டுக் காங்கிரீட் வீடுகள் கட்ட நினைத்தது. ஒரு பகுதியில் கட்டவும் செய்தது. பழைய சந்துகளுக்குள் அடங்குகிற மாதிரி காங்கிரீட் வீட்டுக்கு ஒரு தனி வகையே உருவாக்கி, அதற்கு இந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். ஆனால் ஊரை முழுக்க இடிக்கக் கையில் காசு இல்லை. பராமரிக்கவும் காசு இல்லை. போலந்தின் தோருன் நகரத்திலிருந்து கைதேர்ந்தவர்கள் வந்து சில வீடுகளைப் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். மற்றவை கூரை ஒழுகியபடி, சாம்பல் நிறத்தில், யாரும் கவனிக்காமல் கிடந்து, ஜெர்மனி ஒன்றாகும் வரை தாக்குப்பிடித்துவிட்டன. காசில்லாததே காவலாக நின்றது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. என் வருத்தமெல்லாம், இத்தனையும் தாண்டி நிற்கிற வீட்டை நான் ஒரு படம், ஒரே ஒரு முழுப் படம், எடுக்க முடியவில்லையே என்பதுதான்.

மூன்று வருஷமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

முதலில் சந்தின் அகலத்தைச் சொல்ல வேண்டும். இங்கே பல சந்துகள் ஐந்து மீட்டர் இருந்தால் பெரிய விஷயம். வீடுகள் பத்து மீட்டர் உயரம். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, 24 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸைப் போட்டு, சாய்க்காமல் மட்டமாகப் பிடித்தால் என்ன தெரியும்? கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். தரையிலிருந்து ஐந்தேகால் மீட்டர் உயரம் வரை தெரியும். அதாவது வாசல், அதற்கு மேல் ஒரு மாடி, அவ்வளவுதான். கூரை, மேல்மாடி, முகடு எல்லாம் வெட்டுப்பட்டுப் போகும். மேலே தெரிய வேண்டுமானால் கேமராவை அண்ணாந்து பிடிக்க வேண்டும். அண்ணாந்து பிடித்தால் வீடு பின்பக்கம் மல்லாந்து விழுகிற மாதிரி, மேலே குறுகி, கோபுரம்போல் வந்து நிற்கும்.

இதற்கென்றே ஒரு லென்ஸ் இருக்கிறது. கேமரா மட்டமாகவே இருக்க, லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். விலையைச் சொன்னால் அம்மா மயங்கி விழுவாள் என்பதால் இதுவரை வீட்டில் சொல்லவில்லை. பழைய லென்ஸ் ஒன்றை, பாதி விலைக்குத்தான், வாங்கினேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினேன். ஏழே முக்கால் மீட்டர் வரை தெரிந்தது. பத்து மீட்டர் வீட்டுக்கு இன்னும் இரண்டேகால் மீட்டர் குறைகிறது. இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைக் கொடுத்து இரண்டரை மீட்டர் வாங்கியிருக்கிறேன், அதற்கு மேல் இரண்டேகால் மீட்டர் பாக்கி. கைக்கு எட்டியது கூரைக்கு எட்டவில்லை.

யோசித்துப் பார்த்தால் கட்டியவர்கள் மேல் தப்பில்லை. இந்த வீட்டுக்கு எதிரே நின்று முழுசாகப் பார்க்கப்போகிறவன் ஒருவன் வருவான் என்று அந்தத் தச்சர் நினைக்கவே இல்லை. பார்ப்பவன் அடியில் நடந்து போவான், தலையைத் தூக்கிப் பார்ப்பான், போய்விடுவான். அதற்குத்தான் அலங்காரம் எல்லாம் அடிப்பக்கமாகவே இருக்கிறது. ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிட ஒரு சாண், ஒன்றரைச் சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படி நீட்டுகிற இடத்தில் உத்திரங்களின் முனை தெரியும். பதினாறாம் நூற்றாண்டு வீடுகளில் அந்த முனைகளுக்குப் பக்கத்தில் விசிறியை விரித்தாற்போல் அரைவட்டச் செதுக்கல் வரிசையாக இருக்கும். விசிறியின் ஒவ்வொரு மடிப்பும் உளியால் தனித்தனியாக இழுத்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் சில மடிப்புகளுக்கு நடுவே பழைய சிவப்புச் சாயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். வாசலுக்கு மேல் சட்டத்தில் கட்டிய ஆண்டு, கட்டியவர் பெயர், சில சமயம் ஒரு வேத வாசகம். எல்லாமே கழுத்தை ஒடித்துப் பார்ப்பவனுக்கானவை. எனக்கானவை அல்ல. நான் நேராக நின்று, நாலு மூலையும் ஒரு சட்டத்துக்குள் அடங்கணும் என்று அடம்பிடிக்கிறவன். அதுவும் மேல்மாடிகள் வெளியே நீட்டியிருப்பதால், எதிர்ச் சுவரில் நிற்கிற எனக்கும் எதிர் வீட்டு மேல்மாடிக்கும் இடையே தூரம் ஐந்து மீட்டர்கூட இல்லை. மேலே போகப்போக இன்னும் குறைகிறது.

இந்த ஊரில் இன்னும் பழைய வகை ஒன்று உண்டு. வோர்ட்காஸ என்ற சந்தில் பதினான்காம் நூற்றாண்டு வீடு ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அதில் தூண்கள் அடியிலிருந்து கூரை வரை ஒரே மரம். மாடிக்கு மாடி தனித்தனியாக அடுக்கும் வழக்கம் அப்போது இந்த வீட்டுக்கு வரவில்லை. வெளியே நீட்டலும் இல்லை. சின்ன வீடு, அடக்கமான வீடு. அதையாவது ஒழுங்காக எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்தேன். அதன் முன்னால் சுற்றுலாக் குழு ஒன்று நின்றுகொண்டு வழிகாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தது. நாற்பது நிமிஷம். வழிகாட்டி ஒரு நகைச்சுவை சொன்னார், அவர்கள் சிரித்தார்கள். குழு போனதும் அடுத்த குழு. அந்த வழிகாட்டியும் அதே நகைச்சுவையைச் சொன்னார். ஜெர்மன் சுமாராகத்தான் தெரியும், இருந்தும் அந்த நகைச்சுவை எனக்கு மனப்பாடம்.

சரி, அண்ணாந்தே எடுப்போம், அப்புறம் கணினியில் நேராக்கிக்கொள்வோம் என்று ஒரு கட்டத்தில் முடிவுக்கு வந்தேன். இங்கேதான் பெரிய வில்லங்கம். நேராக்கு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் படத்தில் இருக்கிற கோடுகளையெல்லாம் தேடி, செங்குத்தாக இருக்க வேண்டியதைச் செங்குத்தாக்கும். ஆனால் இந்த வீட்டில் எது செங்குத்து?

அந்தக் காலத்தில் மரத்தை உலர்த்திக் காத்திருக்கவில்லை. வெட்டிய பச்சை மரத்திலேயே இழைத்து, துளைத்து, பொருத்திவிட்டார்கள். சுவரில் நின்றபடியே அது உலர்ந்தது. உலர உலர முறுக்கிக்கொண்டது. கீழே மண் ஒரு பக்கம் இறங்கியது. நானூறு வருஷத்தில் வீடு சாவகாசமாக ஒரு பக்கம் சாய்ந்து, பக்கத்து வீட்டின் தோளில் கையைப் போட்டுக்கொண்டது. பக்கத்து வீடு அதைத் தாங்க முடியாமல் அடுத்த வீட்டின் மேல் சாய்ந்தது. ஜன்னல்கள் சாய்சதுரமாகிவிட்டன. அந்தச் சாய்சதுரத்துக்குப் பொருந்துகிற மாதிரி யாரோ ஒரு தச்சர் கண்ணாடிச் சட்டத்தையும் கோணலாகவே செய்து மாட்டியிருக்கிறார்.

நான் பொத்தானை அழுத்தினேன். கணினி ஒரு நிமிஷம் யோசித்தது. இடது பக்கத் தூணைப் பிடித்து நேராக்கியது. வலது பக்கத் தூண் இன்னும் சாய்ந்தது. இரண்டாவது தரம் அழுத்தினேன். வலது தூண் நேரானது. சந்தின் எதிர் முனையில் இருந்த தேவாலயக் கோபுரம் பைசா நகரத்துக்குப் போய்விட்டது. கையால் நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். ஒரு கோட்டை நிமிர்த்துவேன். இது கேமரா செய்த கோணலா, தச்சர் செய்த கோணலா, காலம் செய்த கோணலா? எது என் தப்பு, எது வீட்டின் குணம்? ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வீட்டைச் சட்டம் போட்டு அளந்தமாதிரி நேராக்கி முடித்தேன். பார்த்தால் புதுசாகக் கட்டிய விடுதி மாதிரி இருந்தது. உயிரே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி சாய்த்தேன். அப்போது மட்டும் எவ்வளவு சாய்ப்பது என்று தெரியவில்லை. மறு வாரம் தொங்கு குண்டு ஒன்றை நூலில் கட்டி எடுத்துப் போய், அந்த வீட்டு மூலையில் பிடித்துப் பார்த்து, சாய்வை அளந்துகொண்டு வந்தேன். தெருவில் போனவர் ஒருவர் என்னைக் கட்டட ஆய்வாளர் என்று நினைத்து, தன் வீட்டு விரிசலையும் வந்து பார்க்கச் சொன்னார்.

கோணல் ஒரு பக்கம் என்றால் வெளிச்சம் இன்னொரு பக்கம். கோடையில் சுற்றுலாக் கூட்டம். அதனால் குளிர்காலத்தில் வரலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். டிசம்பர் நடுவில் இந்த ஊரில் உச்சி வேளையிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து பதினைந்து பாகைதான் ஏறும். அப்படிப்பட்ட வெயிலில் பத்து மீட்டர் வீட்டின் நிழல் கிட்டத்தட்ட 37 மீட்டர் நீளும். சந்து ஐந்து மீட்டர். எதிர் வீடு, அதற்குப் பின்வீடு, அதன் கொல்லை எல்லாம் அந்த ஒரு நிழலுக்குள்ளேயே. நவம்பரில் இருட்டுகிற சந்து சிலது பிப்ரவரி வரை வெயிலைப் பார்ப்பதே இல்லை. கூரை முகட்டில் மட்டும் தங்கக்கோடு போட்டாற்போல் வெயில் இருக்கும், கீழே கறுப்பு. முகட்டுக்கு வெளிச்சம் அளந்தால் வாசல் கரி. வாசலுக்கு அளந்தால் முகடு வெள்ளைக் காகிதம்.

ஹ்யோல்ல என்று ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு ஜெர்மனில் நரகம் என்று அர்த்தம். எதற்கு அந்தப் பெயர் வந்ததோ, ஜனவரியில் ஒரு மதியம் அங்கே ட்ரைபாடை நிறுத்தப் பாடுபட்டவன் என்ற முறையில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கருங்கல் பாவிய தரை. ஒவ்வொரு கல்லும் முட்டைபோல் மழமழவென்று, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பனி. மூன்று காலில் ஒன்று எப்போதும் அந்த இடுக்குக்குள் நழுவும். மட்டம் பார்க்கிற குமிழ் நடுவில் வந்து நிற்கிற நேரத்தில் ஒரு மூதாட்டி உருளைப் பையை இழுத்துக்கொண்டு வருவார். கல் மேல் அந்தச் சக்கரங்கள் எழுப்புகிற சத்தத்தில் தரை அதிரும். குமிழ் ஓரத்துக்கு ஓடிவிடும்.

டிசம்பரில் இன்னொரு கூத்து. அட்வெண்ட் வார இறுதிகளில் சாதாரணமாகப் பூட்டியிருக்கிற உள்முற்றங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். வருஷம் முழுக்க எந்த முற்றத்தை எட்டிப் பார்க்கத் தவித்தேனோ, அது விரியத் திறந்து கிடக்கும். உள்ளே போனால் ஐநூறு பேர் கையில் சூடான மசாலா வைன் கோப்பையோடு.

குப்பைத்தொட்டிக்கு வருகிறேன். சொல்லாமல் போனால் மனசு ஆறாது.

ஜெர்மனியில் குப்பைக்கு நிறம் உண்டு. காகிதத்துக்கு நீலம், மக்கும் குப்பைக்குப் பழுப்பு, பொட்டலக் கழிவுக்கு மஞ்சள், மிச்சத்துக்குக் கறுப்பு. பழைய வீடுகளில் இவற்றை வைக்கக் கொல்லையில் இடம் இல்லை. இருந்தாலும் வண்டி வருகிற நாளுக்கு முந்தின இரவே தெருவுக்கு வந்துவிடும். செதுக்கல் வாசலின் இருபுறமும், துவாரபாலகர்கள் மாதிரி, மூடி அரைகுறையாகத் திறந்து நிற்கும். மஞ்சள் நிறம் எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தாலும் படத்தில் முதலில் கண்ணில் படும். குப்பை எடுப்பவர்கள் தொட்டியைக் கவனமாகத் திருப்பி வைப்பதே இல்லை, காலியானதும் நடுத்தெருவில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு முறை நானே நாலு தொட்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மறைவாக வைத்தேன். திரும்பி வந்து கேமராவில் கண்ணை வைப்பதற்குள் வீட்டுக்காரர் வெளியே வந்து, யாரோ தொட்டியைத் திருடுகிறார்கள் என்று சத்தம் போட்டார்.

வழிகாட்டிப் பலகைகள், ஒருவழிப் பாதை, வாகனம் நிறுத்தாதே, குடியிருப்போர் மட்டும், இந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்டது என்று அறிவிக்கிற பலகை. எல்லாம் வீட்டின் அழகான மூலையில்தான் வந்து நிற்கும். சந்தைச் சதுக்கத்தில் ரோலண்ட் என்ற வீரனின் சிலை இருக்கிறது, ஊரின் சுதந்திரத்துக்கு அடையாளம். 1477-இல் மடத்துத் தலைவியை எதிர்த்த ஊர்க்காரர்கள் தோற்றபோது சிலையையும் வீழ்த்திவிட்டார்கள். 1869-இல்தான் மறுபடி நிறுத்தினார்கள். ஏறக்குறைய நானூறு வருஷம் அந்த இடம் காலியாக இருந்தது. அந்த நானூறு வருஷத்தில் நான் பிறக்கவில்லை. இப்போது ரோலண்டைச் சுற்றிக் காப்பிக் கடைக் குடைகள்.

கார்களைப் பற்றி ஒரே ஒரு சம்பவம். ஏப்ரலில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒரு வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். முன்னால் நீலக் கார். அதன் சொந்தக்காரர் எதிர் வீட்டிலிருந்து வெளியே வந்தார், அறுபது வயதிருக்கும், கையில் ரொட்டிப் பை.

"படம் எடுக்கவா காத்திருக்கிறீர்கள்?"

"ஆமாம், பரவாயில்லை, நான் சும்மா..."

"என் கார்தானே தொந்தரவு? இருங்கள், நகர்த்துகிறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷத்தில் முதல் ஆள். அவர் ரொட்டிப் பையை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு, காரைக் கிளப்பி, சந்தின் கடைசி வரை போனார். நான் அவசரமாகக் கேமராவை மட்டம் பார்த்தேன். அந்த இருபது விநாடிக்குள் எங்கிருந்தோ ஒரு சின்னச் சிவப்புக் கார் வந்து, இப்படி ஒரு இடம் இந்த ஊரில் காலியா என்ற ஆனந்தத்தில், அந்த இடத்தில் கச்சிதமாகப் புகுந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கி, நாயை இறக்கி, கையசைத்துவிட்டுப் போனார். நீலக் கார்காரர் திரும்ப வந்து பார்த்தார். அவருக்கு இடம் போனது, எனக்குப் படம் போனது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றைக்கு அவர் காரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் விட முடிந்திருக்கும்.

இன்னொரு வீட்டில் ஒரு கிழவி. ஜன்னலில் தலையணை வைத்து அதன் மேல் முழங்கையை ஊன்றித் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தப் பகுதியில் வயதானவர்களுக்கு இது ஒரு பழக்கம், நம் ஊர்த் திண்ணை மாதிரி. நான் கேமராவை நிமிர்த்தியதும் குரல் வந்தது.

"என்ன எடுக்கிறீர்கள்?"

"வீட்டை. ரொம்ப அழகாக இருக்கிறது."

"உள்ளே குடியிருந்து பாருங்கள், அழகு தெரியும். தரை சரிவு. சாப்பாட்டு மேஜையின் இரண்டு காலுக்கு அடியில் கட்டை வைத்திருக்கிறேன். பட்டாணி கீழே விழுந்தால் அடுப்புக்கு அடியில் போய்த்தான் பொறுக்கணும்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இன்றைக்கு எடுக்க வேண்டாம்."

ஜெர்மானியர்களுக்கு வீடு படத்தில் வருவது பிடிக்காது என்று எனக்குத் தெரியும். 2010-இல் கூகுள் ஸ்ட்ரீட் வியூ இந்த நாட்டின் 20 நகரங்களில் வந்தபோது, எங்கள் வீட்டை மங்கலாக்கு என்று கேட்டவர்கள் 2,44,000-க்கும் மேல். பொது வீதியில் நின்று கட்டடத்தின் வெளிப்புறத்தை எடுக்க இங்கே சட்டம் அனுமதிக்கிறது, 59-ஆவது பிரிவு என்றெல்லாம் படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதை மென்மையாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே முடித்தார்.

"திரைச்சீலை துவைக்கவில்லை. அடுத்த வாரம் வாருங்கள்."

59-ஆவது பிரிவில் திரைச்சீலைக்குப் பதில் இல்லை. அடுத்த வாரம் போனேன். திரைச்சீலை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. கிழவி ஜன்னலில் காத்திருந்தார், தலைகூட வாரியிருந்தார். பக்கத்து வீட்டுக்குச் சாயம் பூசச் சாரம் கட்டியிருந்தார்கள். பச்சை வலை அவர் ஜன்னலின் பாதி வரை வந்திருந்தது.

"நான் என்ன செய்வேன்?" என்றார். நானும் அதையே கேட்டேன்.

சாரம் இந்த ஊரின் நிரந்தரக் குடிமகன். 2,000 மரவீடு என்றால் எப்போதும் எங்காவது ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள், பார்க்கவும் வேண்டும், இல்லாவிட்டால் வீடே இருக்காது. புத்திக்குப் புரிகிறது. குன்றின் மேல் இருக்கிற மடத்துக் கட்டடங்களில்கூட வருஷக்கணக்கில் வேலை நடந்தது. அந்தக் குன்றை எடுக்க நல்ல இடம் மேற்கே இருக்கிற ம்யூன்ட்சன்பெர்க் என்ற சின்ன மேடு. அங்கேயும் ஒரு மடம் இருந்தது. 1525 விவசாயிகள் போருக்குப் பிறகு அது பாழடைந்து, ஏழை ஜனங்கள் வந்து இடிபாட்டுக் கல்லையே வைத்துச் சின்னச் சின்ன வீடுகள் கட்டிக்கொண்டார்கள். சாயங்காலம் அங்கே போய் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால், எதிரே குன்றும் கோவிலும் செம்பு நிறத்தில். நான் போன சாயங்காலங்களில் செம்பு நிறத்தில் தகதகத்தது சாரக் குழாய்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் சில நல்ல படங்கள் கிடைத்ததை நான் மறுக்கவில்லை. காலை ஐந்தே காலுக்கு, ஆள் அரவம் இல்லாமல், கார் இல்லாமல், தொட்டி இல்லாமல் ஒரு சந்து. அடிக்கடி கிடைக்காது. அதைப் பெருமையோடு கும்பகோணத்துக்கு அனுப்பினேன். அம்மா பதில் போட்டாள்.

"ஏன்டா, ஊர்ல ஒரு ஈ காக்காகூட இல்ல? ஊரடங்கா?"

"இல்லம்மா, காலம்பர எடுத்தது."

"நீ எங்க நிக்கிற?"

"நான்தாம்மா எடுக்கறேன்."

"நீயும் இல்ல, அவளும் இல்ல, வெறும் சுவத்த எதுக்குடா எடுக்கற? அந்த வீட்டுக்காரங்க எங்க?"

அவள் என்ற பெயரில் குறிப்பிடப்பட்டவர் என் மனைவி. ஒரு தடவை கூடவே வந்தாள். விசிறிச் செதுக்கல் வாசல் ஒன்றில் அபூர்வமாக எல்லாம் கூடி வந்தது. வெயில் சரி, தெரு காலி. "என்னங்க, நான் அந்த வாசப்படியில நிக்கட்டுமா?" என்று கேட்டாள். புது நீலப் புடவை, இதற்காகவே கட்டிக்கொண்டு வந்தது. நான் அந்த நேரத்தில் என்ன சொன்னேன் என்றால், "கொஞ்சம் நகரும்மா, சட்டத்துக்குள்ள வர்ற." அதற்கப்புறம் அவள் இந்த ஊருக்கு வரவில்லை. படம் நன்றாகத்தான் வந்தது. யாருக்கும் காட்ட முடியவில்லை.

வேன் விஷயத்துக்குத் திரும்புகிறேன். அன்று காலை எட்டு மணி தாண்டியும் நின்றேன். வெயில் மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்கு இறங்கி, வேனின் கூரையைத் தொட்டு, கண்ணைக் கூசச் செய்தது. ஏழரைக்குத் தூரத்தில் குறும்பாதை நீராவி ரயிலின் ஊதல் கேட்டது. எட்டே காலுக்கு ஒரு இளைஞர் வந்து, கதவைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு பழைய மரச் சட்டத்தை எடுத்தார். நீளமான ஓக் சட்டம், முனையில் புழு அரித்திருந்தது. அதை அந்த வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே இன்னொரு ஆள், கையில் உளியும் சுத்தியலும். வீட்டைப் பழுது பார்க்கிற தச்சர்கள். வேன் அவர்களுடையது. எத்தனை நாள் வேலை என்று கேட்டேன்.

"மழை வராவிட்டால் செப்டம்பரில் முடியும்."

இப்போது எங்கள் மாக்டபுர்க் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒரு நாட்காட்டி ஒட்டியிருக்கிறது. க்வேட்லின்புர்க்கின் அந்தச் சந்துக்குக் குப்பை வண்டி எந்த நாள் வருகிறது என்ற பட்டியல், நாலு நிறப் புள்ளிகளோடு. செப்டம்பர் மாதத்தில் புள்ளியே இல்லாத ஒரு சனிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். போன வாரம் என் மனைவி அந்த நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு நீல நிறம் என்று நினைத்து, எங்கள் வீட்டுக் காகிதத் தொட்டியைத் தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். இரண்டு நாள் அங்கேயே நின்றது. எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, அது எங்களுடையதா என்று கேட்டார்.